வயித்தெரிச்சல் மாதேவி

நாகவேணி அக்கோரு பிரம்பைத் தொட்டதே இல்லை. பெண் வாத்தியாரை எங்கள் சிரசிப் பக்கம் அக்கோரு என்றுதான் கூப்பிடுவோம். இவர் கும்டா கணபதி பட்டரின் நடு மகள். அம்மா வழியில் பார்த்தால் ஹொன்னாவரத்து சேஷகிரி மாஸ்தர் இவருக்குச் சொந்தத் தாய்மாமன். அந்த மாமனிடம்தான் சின்ன வகுப்பெல்லாம் படித்தார். மாமன் கைப் புளிய விளாறு ஊரறிந்தது. மருமகளாயிற்றே என்று அடியைக் குறைத்ததில்லை, கூடுதலாகத்தான் விழும். அதனால் வேலைக்கு வந்த அன்றைக்கே அக்கோரு மனதுக்குள் தீர்மானம் செய்துகொண்டார்: என் வகுப்பில் பிள்ளைகள் அழக்கூடாது, சிரிக்க வேண்டும்.

சிரிக்கவும் வைத்தார். அவர் வேலை பார்த்த ஹலசினகத்தெ கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் அவரிடம் பட்டப்பெயர் வாங்காத பிள்ளை கிடையாது. பாடத்தில் தூங்கி விழும் திம்மப்பன் 'கும்பகர்ண ராயர்'. மூக்கு ஒழுகும் சுப்பி 'ஜோக் அருவி'. "இன்னிக்கு அருவியில தண்ணி எப்படி?" என்று அக்கோரு கேட்டால் அந்தச் சுப்பியே மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ரொம்ப ஜாஸ்தி அக்கோரே" என்பாள். கூரை ஓடு பறக்கிற மாதிரி சிரிப்பு எழும். மற்றப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போய் விடுவார்கள். இங்கே அவர்களாகவே ஓடி வந்தார்கள்.

மாதேவி அப்போது மூன்றாவது வகுப்பு. பாக்குத் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் தம்மா நாயக்கின் மூத்த மகள். அடுத்தது ஒரு தங்கை. அந்த மழைக்காலத்தில் ஒரு தம்பியும் பிறந்திருந்தான். நாயக் வீட்டில் நாலு தலைமுறையாக ஒற்றை ஆண்பிள்ளைதான். இந்தத் தம்பியைக் கேட்டு மாரிகாம்பா கோவிலுக்கு நேர்ந்துகொண்டு பெற்றதால் ஊருக்கே வெல்லம் கொடுத்தார்கள்.

ஒருநாள் காலை, வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும்போது மாதேவி எழுந்து வந்தாள். வயிற்றில் கை வைத்தபடி மேசையருகே நின்றாள்.

"அக்கோரே, வயிறு எரியுது."

அக்கோரு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வார்த்தை தானாக வந்து விழுந்தது.

"வீட்டுல தம்பி பொறந்தா அக்காவுக்கு வயிறு எரியாம குளுகுளுன்னா இருக்கும்? போ, போய் உக்காரு, வயித்தெரிச்சல் மகாராணி."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. மாதேவி கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தாள். அவள் சிரித்ததைப் பார்த்து அக்கோருவுக்கு நிம்மதியாக இருந்தது.

அன்று முதல் அவள் வயித்தெரிச்சல் மாதேவி. தோட்டத்துப் பாலம் தாண்டும்போது பெரிய பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அதன்பிறகு அவள் மேசையருகே வரவில்லை. கேட்டால் மட்டும் பதில், அதுவும் பாதி வாயில். எந்நேரமும் ஜன்னல் வழியாகக் கீழே தெரிகிற பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஜன்னல் உனக்கு நல்லாப் பாடம் நடத்துதா?" என்று அக்கோரு வேடிக்கையாகக் கேட்டுப் பார்த்தார். பிள்ளை வாடிப்போகிறதே, பக்கத்தில் வைத்துக்கொண்டால் கலகலப்பாகிவிடும் என்று நினைத்து, அவளை முன்வரிசையில் தன் மேசைக்கு எதிரில் உட்கார வைத்தார். அன்போடுதான் செய்தார். அங்கிருந்து பார்த்தால் கரும்பலகை தெரியும், அக்கோரு தெரிவார். ஜன்னல் தெரியாது.

அந்த வாரமே ஒருநாள், பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே மாதேவி எழுந்து ஓடிவிட்டாள். பையைக்கூட எடுக்கவில்லை.

சாயங்காலம் அந்தப் பையை எடுத்துக்கொண்டு அக்கோரு பள்ளத்தில் இறங்கினார். வழியில் பக்கத்து வீட்டு கங்கி புல் அறுத்துக்கொண்டிருந்தாள். தம்மா நாயக்குக்கு அத்தை மகள் முறை அவள். அவள்தான் சொன்னாள். பிள்ளை பெற்றதிலிருந்து மாதேவியின் அம்மாவுக்கு மனசு சரியில்லை. சோறு இறங்கவில்லை, குழந்தை அழுதாலும் திரும்புவதில்லை, சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறாள். ஒரு விடிகாலையில் கிணற்று மேடையில் போய் நின்றவளை மாதேவிதான் சேலையைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறாள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை சரியாகத் தின்பதும் இல்லை, தூங்குவதும் இல்லை.

"காலையில பள்ளிக்கூடத்துக்குக் கெளம்புறப்போ அம்மாகிட்ட சொல்லிட்டு வருமாம், தம்பிய குளிப்பாட்ட வெந்நீர் அடுப்ப மூட்டு அம்மான்னு. மேல உங்க ஜன்னல்ல இருந்து பாத்தா எங்க வீட்டுப் புகையெல்லாம் தெரியும்ல அக்கோரே. புகை வந்துட்டா அம்மா எழுந்துட்டான்னு அர்த்தம். இப்ப கொஞ்ச நாளா, புகை தெரியலையேன்னு ஒரே அழுக."

அக்கோரு அந்தப் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

வீட்டில் மாதேவி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவளைச் சிரிக்க வைக்க ஒரு பேச்சு அக்கோருவின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது, பழக்கதோஷம். அதை விழுங்கினார். வேறு என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. ஜன்னலோரமே உட்காரலாம், நாளைக்கு வா என்று மட்டும் சொன்னார். தம்மா நாயக் தலையைச் சொறிந்துகொண்டே, வீட்டுப் பொம்பளை ஒழுங்காகும் வரைக்கும் பிள்ளை வீட்டில் இருக்கட்டும் என்றான். பொம்பளை ஒழுங்காவதற்கு ரெண்டு மழைக்காலம் ஆயிற்று. மாதேவி திரும்பி வரவே இல்லை.

அதன்பின் அக்கோரு யாருக்கும் பட்டப்பெயர் வைக்கவில்லை. அக்கோருவுக்கு வயதாகிவிட்டது, சிரிப்பு வற்றிப்போச்சு என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். வேலையின் கடைசிக் காலத்தில் சிரசியில் வாத்தியார்களுக்கெல்லாம் ஒரு பயிற்சி நடந்தது. தார்வாடிலிருந்து வந்த சின்னப் பெண் ஒருத்தி, குழந்தைகளுக்குப் பயம் என்று சொல்லத் தெரியாது, வயிற்றில் கையை வைத்துக் காட்டுவார்கள், அப்போது கிட்டே உட்கார்ந்து கேளுங்கள் என்றாள். அக்கோரு எழுந்து வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவினார். திரும்ப உள்ளே வரவில்லை.

போன ஜாத்திரையில், மாரிகாம்பா தேர் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், கனகாம்பரம் விற்கிற ஒருத்தி அவர் கையைப் பிடித்தாள். யாரென்று தெரியாமல் அக்கோரு விழித்தார்.

"என்ன அக்கோரே, மறந்துட்டீங்களா? நான்தான், வயித்தெரிச்சல் மாதேவி."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பூவை நறுக்கி அவர் கொண்டையில் தானே செருகினாள். காசு வாங்க மாட்டேன் என்றாள். அம்மா நல்லா இருக்கிறாளாம், தம்பி ஹூப்ளியில் வேலையாம். அக்கோரு அவள் கையை விடவில்லை.

"அன்னிக்கு எங்கடி எரியுது, எதுக்கு எரியுதுன்னு ஒரு வார்த்தை நான் கேக்கல."

மாதேவி பூவைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் அக்கோரே. சொல்லணும்னுதான் வந்தேன்." பேச்சை மாற்றுவது போல, "இப்ப என் மவ ரெண்டாவது படிக்கிறா. அவளுக்கும் காலையில வயித்த என்னமோ பண்ணுது. எதுவானாலும் வீட்டுல வந்து சொல்லு, பள்ளிக்கூடத்துல மட்டும் வாயத் தொறக்காதன்னு சொல்லி வச்சிருக்கேன்" என்றாள்.

அதற்குள் யாரோ பூ கேட்டு வந்தார்கள். மாதேவி அந்தப் பக்கம் திரும்பினாள்.

ஜாத்திரை முடிந்த மறுநாள் காலை அக்கோரு மாதேவியின் மகள் படிக்கிற பள்ளிக்கூடத்தின் பெயரை விசாரித்துக்கொண்டு பஸ் ஏறினார். வாசல் வரைக்கும் போனார். உள்ளே மாதேவியை உரித்து வைத்த முகத்தோடு அந்தப் பிள்ளை இருந்தது, கை வயிற்றில் இல்லை, மேசைமேல் ஒழுங்காக மடித்து வைத்திருந்தது. எங்கே எரிகிறது என்று யார் கேட்டாலும் அது சொல்லாது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தார்.