தன்னாமுனை எமிலியின் ஆறு நிறங்கள்

லவ் கேக் கரிந்துகொண்டிருந்தபோது எமிலி அதற்கு இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள். அடுத்த கேக்குக்கான முந்திரிக் கஜுவை ஒவ்வொன்றாகப் பிளந்து கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். வெளியில் ஓட்டோ கழுவிக்கொண்டிருந்த கணவன் நோபேட் ஈரக் கையோடு குசினிக்குள் ஓடிவந்து ஓவனை நிறுத்தினான்.

“என்ன எமிலி, றோட்டு வரைக்கும் மணக்குது! உனக்கு விளங்கல்லியா?”

அவளுக்கு விளங்கவில்லை. ஓவன் கதவைத் திறந்ததும் புகையைக் கண்டாள். கண் எரிந்தது. மணம் மட்டும் இல்லை.

அது 2021ஆம் ஆண்டு மார்கழி மாதம். புரட்டாதியில் கொரோனா வந்து படுத்தெழும்பிய பிறகு எமிலிக்குக் காய்ச்சல் போனது, இருமல் போனது, அவற்றோடு மணமும் போய்விட்டது. இனிப்பு, புளிப்பு, உப்பு, கைப்பு என்ற நான்கும் நாக்குக்குத் தெரியும். ஏலத்துக்கும் கறுவாவுக்கும் வித்தியாசம் தெரியாது. “திரும்பி வரலாம், வராமலும் இருக்கலாம்” என்று டொக்டர் சொல்லியிருந்தார். அவள் அதை வீட்டுக்கு வெளியே எவரிடமும் சொல்லாமல், பழகிய கையை நம்பி மூன்று மாதம் ஓட்டினாள். கேக் கரிந்த அன்று அந்த ஓட்டம் நின்றது.

பதினொரு வருடமாக, தன்னாமுனையில் கிறிஸ்து பிறந்த நத்தாருக்குக் கேக் என்றால் எமிலியின் பெயரைத்தான் சொல்வார்கள். மட்டக்களப்பு நகரத்திலிருந்தும் ஆட்கள் வந்து வாங்கிப் போவார்கள். மஸ்கட்டில் ஒரு வீட்டில் ஐந்து வருடம் வேலை செய்தபோது பழகிய தொழில். பன்னீர் எத்தனை துளி என்று அவள் எண்ணியதே இல்லை. கிண்ணத்துக்கு மேலே குனிந்து ஒரு மூச்சு இழுப்பாள். அவ்வளவுதான் கணக்கு.

அன்று பின்னேரமே போனை எடுத்து, கேக் கேட்டிருந்த பதினான்கு பேருக்கும் உள்ளதைச் சொன்னாள். பரவாயில்லை, எப்படியாவது செய்து தாருங்கள் என்றார் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்.

“இல்ல மிஸ். எனக்கே விளங்காத சாமான நான் உங்களுக்குத் தர ஏலாது” என்றாள் எமிலி.

அந்த நத்தாருக்கு அந்த வீட்டில் கேக் இல்லை. அவள் அழுததை நோபேட் ஒருமுறை கண்டான். கோபப்பட்டதைத்தான் பலமுறை கண்டான். காஸ் அடுப்பை மூட அவன் நினைவுபடுத்தினால் கோபம், பால் திரைந்துவிட்டதென்று அவன் சொன்னால் கோபம். பிறகு அவளே ஒரு ஒழுங்கு வைத்தாள். சமைத்து முடிந்ததும் சிலிண்டரை மூடிப் பார்ப்பது நோபேட்டின் வேலை. அவன் வீட்டில் இல்லாத நேரம் அடுப்பு எரியாது.

அடுத்த வருட நோன்பு காலத்தில் ஏறாவூரிலிருந்து ஸஹீதா கூப்பிட்டாள். மஸ்கட்டில் எமிலி இருந்த வீட்டுக்கு அடுத்த வீட்டில் வேலை செய்தவள் அவள். இப்போது ஏறாவூரில் தையல் கடை வைத்திருக்கிறாள். நோன்பு திறக்க நாற்பது பேர் வருகிறார்களாம், பேரீச்சம்பழ உருண்டை பிடிக்கக் கை போதவில்லையாம்.

“எனக்கு மணம் விளங்காது, ஸஹீதா.”

“உருண்ட புடிக்க மூக்கு என்னத்துக்குகா? கை இரிக்கிதானே. வா புள்ள.”

எமிலி போனாள். பேரீச்சம்பழம், அரைத்த கஜு, கொஞ்சம் நெய் எல்லாவற்றையும் ஸஹீதா ஏற்கெனவே குழைத்து வைத்திருந்தாள். எமிலி ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் உருட்டினாள். இரண்டாவது உருட்டிலேயே கையை நிறுத்தினாள்.

“இதுக்குத் தண்ணி விட்டியா?”

“பழம் காய்ஞ்சி கிடந்திச்சி. ரெண்டு கரண்டிதான் விட்டன்.”

“அந்த ரெண்டு கரண்டிதான் கையில ஒட்டுது. பின்னேரத்துக்கிடையில இது எல்லாம் தட்டையாப் போயிரும். அரைச்ச கஜு இன்னும் கொண்டா.”

ஸஹீதா கொண்டுவந்தாள். எமிலி குழைத்தாள், கிள்ளிப் பார்த்தாள், இன்னும் ஒரு பிடி போட்டாள். விரல் பட்ட இடம் பிளக்காமலும் பளபளக்காமலும் வந்தபோது போதும் என்றாள். நோன்பு திறக்கும் வரைக்கும் ஓர் உருண்டையும் சரியவில்லை.

அவளை நோபேட் ஓட்டோவில் கூட்டிவந்தான். வீட்டு வாசலில் இறங்கியதும் எமிலி சொன்னாள்.

“இஞ்சாருங்க, ஓவன் இல்லாட்டிக் கரியாது.”

நோபேட்டுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் விளக்கினாள். நகரத்துக் கடைகளில் ட்ரஃபிள் என்று ஓர் இனிப்பு விற்கிறார்கள். பிஸ்கட் தூளும் டின்னில் வரும் கெட்டியான ரின்பாலும் சேர்த்து உருட்டி, மேலே கொக்கோவோ தேங்காய்ப்பூவோ புரட்டியது. வேகவைக்கத் தேவையில்லை. அதில் பிழையாகப் போகக்கூடியதில் பாதிக்குமேல் கைக்குத் தெரியும், மீதியில் பாதி கண்ணுக்குத் தெரியும்.

“ட்ரபிளா? இருக்கிற ட்ரபிள் காணாதா?” என்றான் நோபேட். அவளுக்கே சிரிப்பு வந்தது.

அவள் ஆறு நிறம் என்று முடிவு செய்தாள். ஒரு நிறத்துக்கு ஒரே சுவை. நிறத்தைக் கண்டால் உள்ளே என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரிய வேண்டும். கடையில் விற்கும் நிறப் போத்தல்களை அவள் தொடவில்லை. வெள்ளைக்குத் தேங்காய்ப்பூ, நடுவில் ஒரு முழுக் கஜு. கபிலத்துக்குக் கொக்கோ. பச்சைக்கு, கறிக்கு மணம் கொடுக்கும் ரம்பை இலையை அரைத்துப் பிழிந்த சாறு. மஞ்சளுக்கு எலுமிச்சைத் தேசிக்காய்த் தோலும் ஒரு சிட்டிகை மஞ்சளும். இளஞ்சிவப்புக்குப் பீட்ரூட். ஊதாவுக்கு இராசவள்ளிக் கிழங்கு.

மணத்துக்கு ஸஹீதா. வெள்ளிக்கிழமைகளில் தையல் கடை பூட்டு. எமிலி டப்பாவோடு ஏறாவூருக்குப் போவாள். ஸஹீதா ஒவ்வொன்றாக வாயில் போட்டுத் தீர்ப்புச் சொல்வாள். இரக்கமே பார்க்கமாட்டாள்.

“பச்ச நல்லாரிக்கி. மஞ்சள்தான் காயத்துக்குப் பூசுற மருந்துமாதிரி இரிக்கி.”

“சிவப்பு?”

“மண்ணுகா. தோட்டத்து மண்.”

எமிலி பீட்ரூட் சாற்றைச் சீனியோடு வற்றக் காய்ச்சிப் பார்த்தாள். நிறம் கறுத்தது. காய்ச்சாமல் தேசிக்காய்ப்புளி இரண்டு துளி விட்டாள். நிறம் நின்றது, மண்மணமும் போய்விட்டதென்று அடுத்த வெள்ளிக்கிழமை தீர்ப்பு வந்தது. இராசவள்ளிக்கு மட்டும் அடுப்பு வேண்டியிருந்தது. அவித்து மசித்து, சீனியும் பாலும் சேர்த்துக் கிண்ட வேண்டும். அடிப்பிடித்தால் அவளுக்கு மணம் விளங்காது. ஆனால் கரண்டி கையில் பேசும். சட்டியை விட்டுக் கலவை சுருண்டு வரும் அந்த நொடியை அவளுடைய மணிக்கட்டு ஒருமுறையும் தவறவிட்டதில்லை. முதல் ஊதா உருண்டையைக் கடித்த ஸஹீதா தீர்ப்பே சொல்லவில்லை. இரண்டாவதை எடுத்தாள், பிறகு மூன்றாவதை.

இரண்டு நத்தார் அப்படிப் போனது. முதலில் அயலவர்கள் வாங்கினார்கள், பிறகு பள்ளிக்கூட ஆசிரியர்கள், பிறகு அவர்களுடைய சொந்தக்காரர்கள். மூன்றாம் வருடம், மார்கழி முதல் கிழமை, ஜூலியன் வந்தார். நகரத்தில் ஒரு பாடகர் குழுவை நடத்துபவர், அறுபது வயதுக்காரர். அவர்கள் நத்தார்ப் பாடல்கள் பாடும் ஒளிவிழாவுக்கு முந்நூறு பேர் வருவார்கள். கேக்கை நகரத்து பேக்கரி ஒன்றில் சொல்லியாயிற்று, சிறுபிள்ளைகளுக்கென்று முந்நூறு உருண்டை வேண்டும் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

“குறை நினையாத, எமிலி. மணம் தெரியாத ஆளிட்ட சாப்பாட்டுச் சாமான் எடுக்கிறதா எண்டு எங்கட ஆக்கள் கேக்கிறாங்க.”

“கேக்கிறது சரிதானே, ஜூலியன் அண்ணன். மணத்துக்கு ஏறாவூர்ல எனக்கு ஓராள் இருக்கு. மத்ததெல்லாம் என்ட கை. வந்து நிண்டு பாருங்க, பிடிக்காட்டி எடுக்காதீங்க.”

எமிலி தட்டில் வைத்த பச்சை உருண்டையை ஜூலியன் சாப்பிட்டார். “எடுக்கிறம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒளிவிழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது மழை பிடித்தது. வாவி நிறைந்து வீதிக்கு ஏறியது. வவுணதீவுப் பக்கம் வயலும் வீதியும் ஒன்றாகக் கிடந்தன. காற்றில் மரம் விழுந்து கரண்ட் போய்விட்டது. முந்நூறு உருண்டையும் அதற்குள் முடிந்து, நோபேட் வாங்கிவந்த ஐஸ் பெட்டியில் அடுக்கப்பட்டிருந்தன. மீன் போட்ட பெட்டி கூடாது, புதிதுதான் வேண்டும் என்று எமிலி அவனை இரண்டு கடைக்கு அலைய வைத்திருந்தாள்.

விழாவுக்கு முதல்நாள் காலையில் ஜூலியன் மழையங்கியோடு வந்து நின்றார். பேக்கரிக்குள் தண்ணீர் ஏறி, கேக் இல்லையென்று சொல்லிவிட்டார்களாம்.

“இன்னும் அறுநூறு ஏலுமா, எமிலி? கரண்டும் இல்லையே.”

“எனக்குக் கரண்ட் என்னத்துக்கு? பிஸ்கட்டை உரல்ல இடிப்பன். கஜுவும் பால்மாவும்தான் காணாது. அதை வாங்கித் தாங்க.”

ஸஹீதாவுக்குப் போன் போனது. ஒரு மணித்தியாலத்தில் சாறியை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் வந்து இறங்கினாள். “வெள்ளம் வந்தா ஆரு தைக்க வாறாங்க?” என்றாள். நோபேட் பிஸ்கட் இடித்தான். எமிலி குழைத்தாள். ஸஹீதா உருட்டினாள். ஈரக்காற்றில் வழக்கமான அளவு சரிவராதென்று எமிலிக்கு முதல் பிடியிலேயே தெரிந்தது. ரின்பாலைக் குறைத்து, பால்மாவைக் கூட்டி, தேங்காய்ப்பூவை நிறம் மாறாமல் சட்டியில் உலர்த்தி எடுத்தாள். உருண்டைகள் கூழாங்கல்போல நின்றன.

பதினொரு மணியளவில் ஜூலியன் பால்மாவோடும் கஜுப் பையோடும் திரும்பி வந்தார். திறந்திருந்த ஒரேயொரு கடையில் வாங்கியதாகச் சொன்னார். எமிலி ஒன்றை எடுத்து விரல்களுக்கிடையில் உடைத்தாள். அது சட்டென்று முறியவில்லை, வளைந்து பிளந்தது. இன்னொன்றை எடுத்துப் பெருவிரலால் தேய்த்தாள். பிசுபிசுத்தது.

“இது வேணாம்.”

“ஏன்? பார்வைக்கு நல்லாத்தானே இருக்கு. நான் மணந்து பார்த்துத்தான் எடுத்தன்” என்றார் ஜூலியன்.

“எண்ணெய் வெளியில வந்திட்டு. பழசு.”

ஸஹீதா எழுந்து வந்து ஒன்றை வாயில் போட்டாள். மென்றாள். ஓடிப்போய் முற்றத்து மழையில் துப்பினாள்.

“சிக்குகா! நாக்கெல்லாம் சிக்கு!”

ஜூலியனும் ஒன்றைக் கடித்துப் பார்த்தார். முகம் சுருங்கியது. கொஞ்ச நேரம் கஜுப் பையையும் எமிலியின் விரல்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மழையங்கியைக் கழற்றி ஆணியில் கொழுவினார்.

“கையக் கழுவிற்று வாறன். எனக்கும் உருட்டக் காட்டு.”

கஜு இல்லாததால் வெள்ளையை எமிலி நிறுத்திவிட்டு ஊதாவைக் கூட்டினாள். இராசவள்ளிக் கிழங்கு பக்கத்து வளவில் வேண்டிய அளவு இருந்தது. ஜூலியன் உருட்டியவை முதலில் முட்டைபோல நீண்டன. எமிலி அவற்றை உடைத்து மறுபடி கலவைக்குள் போட்டாள். இருபதாவது உருண்டையில் அவருக்குக் கை வந்தது. அதற்குப் பிறகு அவர் குழுவின் பாட்டுகளைப் பாடிக்கொண்டே உருட்டினார், ஸஹீதா தாளம் தப்பாமல் அடுக்கினாள். பொழுது சாய்வதற்கு முன் அறுநூற்றுப் பன்னிரண்டு. மேலதிகமான பன்னிரண்டும் நால்வருக்கும் தேத்தண்ணியோடு சரியாகப் போனது. நோபேட்டுக்குச் சீனி வருத்தம். தன் பங்கில் இரண்டைத் தின்றுவிட்டு மூன்றாவதை ஸஹீதாவிடம் கொடுத்தான்.

மறுநாள் ஒளிவிழா. மண்டபத்தில் ஜெனரேட்டர் ஓடியது. நீண்ட மேசையில் வெள்ளைத் துணி விரித்து, எமிலியே தட்டுகளை அடுக்கினாள். நிறம் நிறமாகப் பிரித்து வைக்கவில்லை. எல்லாத் தட்டிலும் எல்லா நிறமும் கலந்து வைத்தாள். பாட்டு முடிந்து ஆட்கள் மேசைக்கு வந்தபோது அவள் சுவரோரமாக நின்று பார்த்தாள். எது முதலில் முடிகிறது என்பதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. ஊதா. அவள் நினைத்ததுதான். அதற்கு அடுத்தது மஞ்சள் என்பதை அவள் எதிர்பார்க்கவில்லை. மருந்துபோல இருக்கிறதென்று தள்ளப்பட்டதை எட்டு வெள்ளிக்கிழமை திருத்தியிருந்தாள்.

ஜூலியன் ஒலிவாங்கியில் அவளுடைய பெயரைச் சொன்னார். கேக் கிடைக்காமல் போனதைச் சொன்னார். கெட்டுப்போன கஜுவைத் தன்னுடைய மூக்கு விட்டுவிட்டதையும், எமிலியின் விரல் அதைக் கண்டுபிடித்ததையும் மறைக்காமல் சொன்னார். ஆட்கள் கை தட்டினார்கள். எமிலிக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் தலையைக் குனியவில்லை. சந்தேகப்பட்டவர்கள் எவரென்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவள் விரும்பவில்லை. தட்டுகள் வெறுமையாக இருந்தன, அது போதும்.

மண்டபத்தைவிட்டு வெளிக்கிடும்போது ஒரு பெண் வந்து கையைப் பிடித்தாள். தன் பெயர் ஷெரோன் என்றும், வாகரையில் மெதடிஸ்த திருச்சபைப் பெண்கள் குழுவில் இருப்பதாகவும் சொன்னாள்.

“எங்கட ஊர்ல வருசப் பிறப்புக்குக் கூடுறம் அக்கா. நூற்றைம்பது பேர் வருவாங்க. ஓவன் ஒரு வீட்டிலயும் இல்ல. நீங்க வந்து செய்து தருவீங்களா?”

“செய்து தர வரமாட்டன். செய்யிற விதத்தைக் காட்ட வாறன். உங்கட ஆக்கள் எத்தனை பேர் உருட்ட வருவாங்க?”

“பத்துப் பேர் வருவாங்க.”

“பத்துப் பேரும் நகத்தை வெட்டிற்று வரச் சொல்லுங்க” என்றாள் எமிலி. “அதில நல்ல மூக்குள்ள ஓராளை எனக்குப் பக்கத்தில இருத்துங்க. மறுகா, இராசவள்ளி உங்கட பக்கம் இருக்குதா?”

“அது எவ்வளவும் இருக்கு.”

“அப்ப சரி” என்று சொல்லி, நோபேட்டை ஓட்டோவை எடுக்கச் சொன்னாள்.