மாமா மடியும் கவர் பிரிக்காத ஊசியும்

உங்களுக்குக் காது குத்தியபோது யார் மடியில் உட்கார்ந்திருந்தீர்கள்? தாய்மாமன் மடியில்தானே? எனக்கும் அதே மடிதான். ஆனால் அந்த மடி எனக்குக் கிடைப்பதற்குள் நடந்த கூத்து உங்கள் வீட்டில் நடந்திருக்க வாய்ப்பில்லை. பெட் கட்டுகிறேன்.

எனக்கு ஒரே மாமா, அம்மாவின் தம்பி. எனக்குக் காது குத்த வேண்டிய வயதில் மனிதர் கப்பலில் வேலைக்குப் போய்விட்டார். அடுத்த வருடம் வருவதாகச் சொன்னார், வரவில்லை. அதற்கடுத்த வருடமும் அதே கதை. மாமன் மடி இல்லாமல் காது குத்தக் கூடாது என்று வீடு பிடிவாதமாக இருந்ததில், இரண்டாம் வகுப்பு வரை நான் வெறும் காதோடு தூத்துக்குடியைச் சுற்றி வந்தேன். வகுப்பில் எல்லாரும் என்னைப் பையன்களைக் கூப்பிடுவது போல ‘ஏலே’ என்றுதான் கூப்பிட்டார்கள். கம்மல் இல்லாதவளைப் பெண் பிள்ளைக்குரிய ‘ஏளா’ போட்டுக் கூப்பிட மாட்டார்களாம்.

ஒருவழியாக மாமா வந்தார். நாள் குறித்தார்கள், கிடா வாங்கினார்கள், கம்மல் எடுத்தார்கள். இதற்கிடையில் அவர் வேறு கம்பெனிக்கு மாறுவதற்காக மெடிக்கல் டெஸ்ட் எடுத்தார். ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி இருப்பதாக ரிசல்ட் வந்தது. கம்பெனி வேண்டாம் என்றுவிட்டது. அந்த வார்த்தை எங்கள் வீட்டு வாசலைத் தாண்டியதும் ‘மஞ்சக்காமாலை’ ஆகிவிட்டது.

பிரச்சினை என்னவென்றால், மாமா உடம்பில் மஞ்சளே இல்லை. அப்பாவின் அக்கா, அதாவது எங்கள் வீட்டு ஹைகோர்ட்டான அத்தை, அவரை முற்றத்து வெயிலில் நிறுத்தி இரண்டு கண் இமைகளையும் இழுத்துப் பார்த்தாள்.

“வெள்ளையாத்தான இருக்கு மைனி?” என்றார் மாமா.

“வெளிய தெரியாம உள்ளுக்குள்ள பதுங்கிக் கெடக்குலே. அதான் ஆபத்து.”

மறுநாளிலிருந்து காலையில் கீழாநெல்லி அரைத்துக் கலந்த மோர். மாமா வாயைக் கோணிக்கொண்டு குடிப்பார். “இது அந்தக் காமாலை இல்லக்கா. ரத்தத்துல இருக்குது. தட்டுல, டம்ளர்லலாம் ஒட்டாதுன்னு டாக்டர் சொல்லுதாவ” என்று அம்மாவிடம் கெஞ்சுவார். அம்மா மீன் கழுவுவதில் மும்முரமாக இருப்பாள்.

மாமாவுக்கென்று தனியாக ஒரு பச்சை பிளாஸ்டிக் டம்ளர் வந்தது. தனித் தட்டு, தனி சோப்பு, துண்டு காயப்போடத் தனிக் கயிறு. எனக்கோ வயிறு எரிந்தது. எங்கள் எல்லாருக்கும் நசுங்கிப்போன எவர்சில்வர், கப்பலில் போய் வந்தவருக்கு மட்டும் கலர் டம்ளரா? மாமா பெரிய வி.ஐ.பி. என்றுதான் நான் நினைத்தேன்.

பிறகு ஹைகோர்ட் தீர்ப்பு சொன்னது. “ரத்தம் வாரக் காரியம். இவன் மடில புள்ளய வச்சி, நாளைக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா யாரு பதில் சொல்லுவா?” அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவரைப் பதிலுக்கு ஏற்பாடு செய்தார்கள். அந்தப் பெரிய மாமா பக்கத்தில் வந்தாலே மூக்குப்பொடி நெடியில் எனக்குத் தும்மல் வரும். அப்பா கடைக்குக் கிளம்பிவிட்டார். அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். மாமாவும் “சரி மைனி” என்றதோடு விட்டுவிட்டார்.

ஏன் என்று நான் போய் அவரிடமே கேட்டேன். “ஒன் வெயிட்ட என் காலு தாங்காதுளா” என்றார். அன்று ராத்திரி நான் இட்லியைத் தொடவில்லை. மெலிந்துவிட்டால் மடி திரும்பக் கிடைக்கும் என்பது என் திட்டம்.

குலசாமி கோயில் தேரிக்காட்டின் ஓரம் இருந்தது. சுற்றிலும் செம்மண். அன்றைக்கு எங்களைப் போல இன்னும் சில குடும்பங்களும் வந்திருந்தன. உடைமரத்தடியில் ஆசாரி உட்கார்ந்து வரிசையாகக் குத்திக்கொண்டிருந்தார். ஒரு பிள்ளை வீறிடும், அவர் ஊசியை வேட்டியில் துடைப்பார், அடுத்த பிள்ளை வரும். ஃபேக்டரி மாதிரி ஓடியது.

என்னை மூக்குப்பொடி மடியில் உட்கார வைத்தார்கள். மாமாவோ தூரத்தில் வேன் பக்கம் நின்றார். ஊசி காதுக்கு வருவதற்கு முன்பே தேரி அதிர “மாமா!” என்று கத்தினேன்.

அவர் விறுவிறுவென்று வந்தார். மடிக்குச் சண்டை போடத்தான் வருகிறார் என்று எல்லாரும் முறைத்தார்கள். அவர் மடிப்பக்கம் திரும்பக்கூட இல்லை.

“அண்ணாச்சி, இந்த ஊசி இதுக்கு முன்ன யாரு காதுல போச்சு?”

“அந்தா நிக்கி பாருங்க, அந்தப் புள்ளைக எல்லாத்துக்கும் இதான். எங்க அப்பா கைல இருந்த ஊசி தம்பி, ராசியான ஊசி.”

“அதான் பயமே. வேற ஊசி எடுங்க.”

அத்தை பொங்கிவிட்டாள். “ஏலே, மடி கிடைக்கலன்னு காரியத்தையே கெடுக்க வந்தியோ? ஒனக்கு நோவுன்னா ஊரு ஊசிக்கெல்லாம் நோவா?”

மாமா போனை எடுத்தார். தன்னைப் பார்க்கும் டாக்டரின் நம்பரைத் தட்டி அம்மா கையில் கொடுத்தார். கோயில் பக்கம் டவர் கிடையாது. பட்டுச்சேலையோடு அம்மா வேன் படியில் ஏறிப் பார்த்தாள், பிறகு ஒரு பாறை மேல் ஏறினாள், அங்கே டவர் கிடைத்தது. ஸ்பீக்கரில் போட்டு எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள்.

“பாப்பாவுக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கா?”

“கைக்குழந்தையா இருக்கும்போதே எல்லா ஊசியும் போட்டாச்சு சார்.”

“அப்புறம் என்னம்மா? மடியில உக்காந்தா வராது, ஒரே தட்டுல சாப்பிட்டாலும் வராது. இங்க பயப்பட வேண்டியது இன்னொருத்தர் ரத்தம் பட்ட ஊசி, பிளேடுக்குத்தான். ஆமா, காது குத்துற ஊசி புதுசுதானே?”

அதுவரை மாமாவின் மடியையே பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் முதல்முறையாக ஆசாரியின் ஊசியைப் பார்த்தது.

மாமா சட்டைப்பையில் கை விட்டு, மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய, கவர் பிரிக்காத ஊசிகளை ஒரு கொத்தாக எடுத்தார். எனக்கு மட்டும் இல்லை, வரிசையில் நின்ற மற்றப் பிள்ளைகளுக்கும் சேர்த்து வாங்கியிருந்தார். மடி போனாலும் பரவாயில்லை, ஊசியை விடுவதில்லை என்ற முடிவோடுதான் மனிதர் வேனில் ஏறியிருக்கிறார்!

அம்மா பாறையிலிருந்து இறங்கி வந்தாள். அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூக்குப்பொடி மடியிலிருந்து என்னைத் தூக்கினாள். “ஏலே, உக்காரு” என்று தம்பியிடம் சொன்னாள். அவர் உட்கார்ந்ததும் என்னை அவர் மடியில் தொப்பென்று வைத்தாள்.

ஆசாரி முணுமுணுத்துக்கொண்டே கவரைப் பிரித்தார். சுருக்கென்று இருந்தது, அவ்வளவுதான். நான் அழவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்தப் பச்சை டம்ளரைக் குப்பையில் போட்டபோதுதான் அழுதேன். அது எனக்கு வரும் என்று எவ்வளவு நம்பியிருந்தேன் தெரியுமா?

ஒரு விஷயம் மட்டும் அன்று எனக்குப் புரியவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் அத்தை எவர்சில்வர் டம்ளரில் பாயசத்தோடு வந்து, மாமா முன்னால் நின்றாள். அப்புறம், “இந்தாலே, ஆறதுக்குள்ள குடி” என்று நீட்டினாள். மாமாவுக்கு இனிப்பே ஆகாது, கப்பலில் இருந்து கொண்டு வரும் சாக்லேட்டைக்கூடத் தொட மாட்டார். அப்படிப்பட்டவர் அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, டம்ளரை நீட்டி, “இன்னும் கொஞ்சம் ஊத்துங்க மைனி” என்றார். என் காதுகுத்துப் பாயசத்தை இந்த ஆள் ஏன் இப்படிக் காலி பண்ணுகிறார் என்று நான் உர்ரென்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமா இப்போது துறைமுகத்தில் வேலை பார்க்கிறார், ஒழுங்காகச் செக்கப் போகிறார், நன்றாக இருக்கிறார். கல்யாணத்துக்கு முன்பே விஷயத்தைச் சொல்லி மாமிக்கும் தடுப்பூசி போட்டாயிற்று. பிறந்த அன்றே தடுப்பூசி போட்டுக்கொண்ட அவர்கள் மகள், நான் இதை டைப் செய்துகொண்டிருக்கும்போதே என் மடியை நனைத்துவிட்டாள்.