தொடாமல் போட்ட கையெழுத்து

கிளினிக்கில் காத்திருக்கும் அறுபது பேருக்கும் நாடி ஒரே எண்ணில் துடிக்குமா? கடிகார அக்கா ஒருநாள் என்னிடம் இப்படிக் கேட்டார். நடந்ததை அவர் சொன்ன பிறகுதான், அது கேள்வியே இல்லை, வயிற்றெரிச்சல் என்று புரிந்தது.

கடிகார அக்கா பத்தொன்பது வருடமாக அந்தக் கிளினிக்கில் நர்ஸ். கீழே இரண்டு கடைகள், மாடியில் மூன்று அறைகள், அவ்வளவுதான் கிளினிக். டாக்டரைப் பார்க்கப் போகும் ஒவ்வொருவருக்கும் நாடி பார்த்துச் சீட்டில் எழுதுவது அவர் வேலை. மற்ற நர்ஸுகள் கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கிவிடுவார்கள். அக்கா மட்டும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கடிகாரத்தை முறைத்தபடி முழு நிமிடமும் நிற்பார். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

“என்னக்கா, என் ஆயுசையா எண்ணுறீங்க?” என்று வரிசையில் யாராவது சீண்டுவார்கள்.

“வாயை மூடுங்க. எண்ணிக்கை தப்பினா முதல்லேர்ந்து ஆரம்பிப்பேன்.”

மேனேஜருக்கு இந்த ஒரு நிமிடம் கண்ணை உறுத்தியது. புதுச் சீட்டு அடித்தபோது, நாடி எழுத வேண்டிய இடத்தில் ‘72, சீராக உள்ளது’ என்று அச்சிலேயே போட்டுவிட்டார். “வித்தியாசமா இருந்தா மட்டும் அடிச்சு எழுதுங்க. இல்லன்னா கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. கூட்டம் நகரணும்ல?”

சோற்றில் முடியைப் பார்த்தவர் போல அக்கா முகம் சுளித்தார். ஒரு மாதம் பிடிவாதமாக ஒவ்வொரு சீட்டிலும் அந்த எழுபத்திரண்டை அடித்துவிட்டு, தான் எண்ணியதை எழுதினார்.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை. கூட நிற்கும் நர்ஸ் லீவு. அறுபத்து மூன்று பேர். மதியத்துக்குள் அக்காவுக்குக் கால் மரத்துப்போனது. கடைசிப் பத்துப் பேரின் கையை அவர் பிடிக்கவேயில்லை. கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிட்டார். அந்தப் பத்தில் ஒருவர், கட்டடங்களுக்குச் சுண்ணாம்பும் பெயிண்டும் அடிக்கிறவர். களைப்பு என்று வந்தவருக்கு டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டுச் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்.

புதன்கிழமை காலையில் அதே பெயிண்டர் சுவரைப் பிடித்துப் பிடித்து மாடி ஏறி வந்தார். கூடவே மனைவி. இந்த முறை அக்கா கையைப் பிடித்தார். இரண்டு துடிப்பு வேகமாக, பிறகு ஒன்றுமில்லை, ஒன்று மெலிதாக, உடனே மூன்று முட்டி மோதிக்கொண்டு. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து எண்ணினால் நூற்று முப்பது. அதில் தொண்ணூற்றெட்டுதான் மணிக்கட்டுவரை வந்து சேர்ந்தது. இ.சி.ஜி. எடுத்த டாக்டர், “ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்” என்றார். இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம்.

உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வண்டியில் அக்காவும் போனார். அங்கே இதய டாக்டர் திங்கட்கிழமைச் சீட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

“முந்தாநாள் சீராத்தானே இருந்திருக்கு! அப்ப இது ரெண்டு நாளுக்குள்ள வந்தது. இப்பவே நெஞ்சுல ஒரு கரண்ட் ஷாக் கொடுத்தா பழையபடி ஆயிடும்.”

“அப்ப வெள்ளிக்கிழமை சாரத்துல ஏறலாமா டாக்டர்?” என்றார் பெயிண்டர்.

நடுங்கும் இதயத்தில் ரத்தம் தேங்கி உறையும். ஆரம்பித்து நாளாகியிருந்தால் உள்ளே கட்டி இருக்கலாம். ஷாக் கொடுத்து இதயத்தைச் சரியாகத் துடிக்கவைத்தால், அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போய் அடைத்துக்கொள்ளும். பேச்சோ ஒரு பக்கக் கைகாலோ போய்விடும், உயிரே போனாலும் போகும். இது அக்காவுக்குத் தெரியும். இரண்டு நாள்தான் ஆகிறது என்று டாக்டரை நம்பவைத்தது தன் கையெழுத்து என்பதும் தெரியும்.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் போனில் வந்தார். “சீட்டைப் பத்தி மூச்சு விடாதீங்க. கையெழுத்து உங்களோடது. மாட்டினா நீங்கதான்.”

அக்காவுக்குக் குமட்டியது. மேனேஜரை நினைத்து அல்ல, பேனா பிடித்த தன் விரல்களைப் பார்த்து.

“டாக்டர், அந்தச் சீட்டு பொய். அது அச்சடிச்ச நம்பர். திங்கக்கிழமை நான் இவர் கையைத் தொடவே இல்லை.”

டாக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பெயிண்டரின் மனைவியிடம், “உண்மையில எப்பலேர்ந்தும்மா?” என்றார்.

“ரெண்டு மாசமா, நெஞ்சுக்குள்ள புறா றெக்கை அடிக்குதுன்னு சொல்வாரு. திங்கக்கிழமை சீட்டுல சீரா இருக்குன்னு பார்த்ததும், வேலைக்குப் போக சோம்பேறித்தனம்னு நான்தான் திட்டினேன்.”

ஷாக் நின்றது. தொண்டை வழியாகக் குழாய் விட்டு ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்தின் மூலையில் ஒரு ரத்தக்கட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. துடிப்பின் வேகத்தைக் குறைக்க ஒரு மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்க இன்னொன்று. கட்டி கரைந்தது தெரியும்வரை ஷாக் கிடையாது, சாரம் கிடையாது, மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் மனைவி அக்காவிடம் சொன்னார்: “கடிகார அக்கா பார்த்தா தப்பாதுன்னு ஊரே சொல்லுது. அதை நம்பித்தான் நான் அவரைத் திட்டினேன்.” குரலை உயர்த்தவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பெயிண்டர் பிழைத்துக்கொண்டார். அக்காவின் வேலை அந்த வாரமே போனது. அச்சடித்த சீட்டு மட்டும் இன்றும் அந்தக் கிளினிக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே ஒன்றே ஒன்று கேட்கிறேன். நெஞ்சு படபடக்கிறது என்று சொல்கிறவர்களுக்கும், அவர்களைச் சோம்பேறி என்று திட்டுகிறவர்களுக்கும் இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள்.