ஏட்டையாவும் பாதிப் படமும்

பென்டிரைவில் படம் ஏற்றிக் கொடுக்கும் தொழிலில், டைரக்டர் தப்பு செய்தாலும் நடிகர் தப்பு செய்தாலும் திட்டு வாங்குகிறவன் கடைக்காரன்தான். கடலுக்கடியில் கேபிள் வந்து இன்டர்நெட் ஒழுங்காக ஓடத் தொடங்குவதற்கு முன்பு, போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் எனக்கு அப்படி ஒரு கடை இருந்தது. சென்னையிலிருந்த என் சிநேகிதன் புதுப் படங்களை ஹார்டுடிஸ்க்கில் போட்டு, கப்பலில் வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவான். சட்டப்படி சரியா என்று கேட்காதீர்கள். அன்று ஒரு பாட்டு டவுன்லோடு ஆவதற்குள் சோறு பொங்கி இறக்கிவிடலாம். கவுண்டருக்குப் பின்னால் நின்று ஊர் வாயில் விழுந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், தனியாக இல்லை என்று மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

நின்றுபோன கதவு

ஒரு முறை, தொடர் கொலைகாரனைப் போலீஸ் தேடுகிற படம் வந்தது. செத்தவர்கள் பக்கத்திலெல்லாம் ஈர ரெயின்கோட் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருக்கும். சந்தேகம் மூன்று பேர் மேல்: ஒரு டாக்டர், ஒரு லாட்ஜ் மேனேஜர், இன்ஸ்பெக்டரின் ஜீப் டிரைவர். கடைசியில் இன்ஸ்பெக்டர் துப்பாக்கியோடு ஒரு வீட்டுக்குள் போய், உள்ளறைக் கதவின் கைப்பிடியைத் திருப்புவார். அதோடு படம் நின்றுவிடும். கப்பலுக்குப் போகிற ஆள் அவசரப்படுத்தினார் என்று, காப்பி முடியும் முன்பே சிநேகிதன் ஒயரைப் பிடுங்கியிருக்கிறான்.

எனக்கு விஷயம் தெரிவதற்குள் படம் கப்பலேறி ஹட் பே போய்விட்டது, பஸ்ஸேறி பாராடாங் போய்விட்டது. பாராடாங்கில் டீக்கடை வைத்திருந்த பாண்டி முதல் ஆளாக வந்து நின்றான். அங்கே காட்டு வழியில் வண்டிகள் போலீஸ் காவலோடு வரிசையாகத்தான் போக வேண்டும். அதற்குக் காத்திருக்கிறவர்களுக்காகக் கடை டிவியில் இந்தப் படத்தைப் போட்டிருக்கிறான். "அண்ணே, கான்வாய் கெளம்புனாலும் ஒருத்தனும் வண்டியில ஏற மாட்டேங்குறான். மொதல்ல அந்தக் கதவைத் தொறந்து விடுங்க."

பசிக்கு மொழி இல்லை

பக்கத்துக் கடையில் தையல் மிஷின் போட்டிருந்த பெங்காலிப் பெண்மணியை நான் மீனா தீதி, அதாவது மீனா அக்கா, என்று கூப்பிடுவேன். வாடிக்கையாளர்கள் என் கடை வாசலில் நின்று டாக்டரா மேனேஜரா என்று மல்லுக்கட்டுவதைக் கேட்டுக் கேட்டு, அவரும் படத்தை வாங்கிப் போய்ப் பார்த்தார். மறுநாள் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்தபடியே தீர்ப்புச் சொன்னார். கொலைகாரன் இன்ஸ்பெக்டர்தானாம். படம் முழுக்க அந்த மனிதன் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை, பட்டினி கிடக்கிறவன் எதுவும் செய்வான் என்றார்.

தமிழே தெரியாமல் எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்றேன். தமிழ் வராவிட்டால் என்ன, பசி புரியாதா என்பது அவர் கட்சி. "தமிழ் நஹி ஆத்தா, பாய். லேக்கின் பூக் தோ ஸமஜ் மே ஆத்தா ஹை."

ஏட்டையா எடுத்த கேஸ்

எங்கள் தெருவிலேயே குடியிருந்த ஹெட் கான்ஸ்டபிள் முனியாண்டியை எல்லோரும் ஏட்டையா என்போம். தொப்பியைக் கழற்றிக் கவுண்டர் மேல் வைத்துவிட்டுத்தான் பென்டிரைவை நீட்டுவார். தொப்பி இல்லாதபோது அவர் வெறும் ரசிகராம். அந்த மாதக் கடைசியில் அவருக்கு ரிட்டயர்மென்ட், அதன் பிறகு திருச்சியில் மகள் வீட்டோடு போய்விடுவதாக ஏற்பாடு. சர்வீஸ் பூராவும் அவர் பார்த்தது தேங்காய்த் திருட்டு, ஆட்டுத் தகராறு, குடித்துவிட்டுக் கப்பல் நிற்கிற ஜெட்டியில் உருண்டவர்கள். ஒரு கொலைக் கேஸைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் வீட்டுக்குப் போகிறேனே தம்பி என்று ஒருநாள் சொன்னபோது, அந்த முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

பாதிப் படம் கொடுத்ததற்காக என்னைத் திட்டாத ஒரே ஆள் அவர்தான். அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். முழு காப்பி வருவதற்குள், அதாவது தான் காக்கியில் இருக்கும்போதே, கொலைகாரனைக் கண்டுபிடித்துவிடுவதாகச் சபதம் போட்டார். டூட்டி முடிந்து நேரே கடைக்கு வந்து, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஓட்டி ஓட்டிப் பார்ப்பார். ஒரு சாயங்காலம் கவுண்டரைத் தட்டி என்னைக் கூப்பிட்டார். ஈர ரெயின்கோட்டை மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும் என்று இந்தத் தீவில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும், ஆகவே கொலைகாரன் பக்கா மெயின்லேண்டுக்காரன் என்றார். படத்தில் வருகிற அத்தனை பேரும் மெயின்லேண்டுதானே ஏட்டையா என்றேன். படத்தைப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டார். "அதான தம்பி கேஸே கஷ்டமா இருக்கு."

கதவு திறந்தது

கடைசியில் அவர் சந்தேகம் ஜீப் டிரைவர் மேல் வந்து நின்றது. அவனுக்குத்தான் போலீஸ் எங்கே போகிறது என்று முன்கூட்டியே தெரியும் என்பது அவர் கணக்கு. நியாயமான கணக்குதான். அவர் ரிட்டயராகி, சென்னைக் கப்பலுக்குக் காத்திருந்த சமயத்தில், விமானத்தில் வந்த ஒருவரிடம் சிநேகிதன் முழு காப்பியைக் கொடுத்தனுப்பினான். ஏட்டையா சாமான் கட்டுவதில் இருந்தார். தெருவில் பாதிப் பேர் என் கடைக்குள் இருந்தார்கள்.

கதவு திறந்தது. உள்ளே நின்றவன் டாக்டர் இல்லை, மேனேஜர் இல்லை, டிரைவரும் இல்லை. அதுவரை படத்தில் ஒரு காட்சியில்கூடத் தலைகாட்டாத எவனோ ஒருவன். இது யார், புது ஆளா என்று மீனா தீதிதான் முதலில் கேட்டார். "யே கௌன் ஹை, பாய்? நயா ஆத்மி?"

ஹட்டோ ஜெட்டியில்

மறுநாள் பென்டிரைவோடு, சென்னைக் கப்பல் நிற்கிற ஹட்டோ ஜெட்டிக்குப் போனேன். வழியெல்லாம் எனக்கு மனசு சரியில்லை. கொடுத்தால், தான் ராப்பகலாக யோசித்ததெல்லாம் வீண், யார் தேடியிருந்தாலும் பிடித்திருக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்துபோகும். கொடுக்காவிட்டால், முழு காப்பி வந்ததும் தருகிறேன் என்று அவரிடம் சொன்ன வாக்குத் தவறியவனாவேன். வேட்டி சட்டையில், பெட்டிகளுக்கு நடுவே, அவர் யாரோ போல நின்றுகொண்டிருந்தார்.

டிரைவர்தானே என்று கேட்டார். பென்டிரைவை மட்டும் நீட்டினேன். என் முகத்தையே பார்த்தவர், அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். "சொல்லாத தம்பி. உன் மூஞ்சியே பாதி சொல்லிருச்சு, மீதிய நான் விசாரிச்சுக்கிறேன்."

திருச்சியிலிருந்து

இப்போது அதே கடையில் மொபைல் கவரும் கண்ணாடியும் விற்கிறேன். படம் எல்லோருக்கும் போனிலேயே வந்துவிடுகிறது. ஹட் பேயிலிருந்து கப்பலேறி வந்து என்னைத் திட்டிவிட்டு, அப்படியே டீ சொல்லி உட்கார்ந்து ஊர்க்கதை பேசியவர்கள் யாரும் இந்தப் பக்கம் வருவதில்லை. அந்தத் திட்டு இல்லாமல் கடை வெறிச்சென்றுதான் இருக்கிறது.

பொங்கலுக்கு ஏட்டையா வீடியோ காலில் வந்தார். ஸ்டூல் இருக்கிறதா என்று கேட்டார், திருப்பிக் காட்டினேன். படத்தைப் பார்த்தீர்களா என்று நானும் கேட்டுவிட்டேன். பென்டிரைவ் பெட்டியிலேயே இருக்கிறதாம். போன வாரம் மருமகன் அதே படத்தை டிவியில் போட்டாராம். இன்ஸ்பெக்டர் கதவில் கை வைத்ததும் இவர் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாராம். ஏன் ஏட்டையா என்றேன். "சர்வீஸ்ல எனக்குக் கெடச்ச ஒரே கொலைக் கேஸு தம்பி, பெண்டிங்லயே இருக்கட்டும். அதையும் முடிச்சுட்டா நான் வெறும் ரிட்டயர்டு ஆளுதான?"

பாதிப் படம் கொடுத்து ஒரு மனிதனை இன்றுவரை டூட்டியில் வைத்திருக்க முடிந்த தொழில் அது ஒன்றுதான். முழுப் படமும் எல்லார் கையிலும் இருக்கிற இந்தக் காலத்தில் கவர் விற்று யாரை நான் சந்தோஷப்படுத்த?