கூடுதலாக ஒரு கோடு

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், எங்கள் வீட்டில் நான்கு மாதம் அப்பாவும் சித்தியும் பேசிக்கொள்ளவில்லை. அவர்களுக்கு நடுவே நான்தான் தூது.

அப்பாவுக்குக் குந்தாவில் மின் நிலையத்தில் வேலை. மீட்டர் முள்ளைப் பார்த்துக் குறிப்பெழுதும் கண்ட்ரோல் ரூம் வேலை. அம்மாவின் தங்கையான சித்தி, காலேஜ் முடித்துவிட்டு எங்களோடு குவார்ட்டர்ஸில் இருந்தாள். ஊட்டி ஸ்டுடியோ ஒன்றுக்குக் கல்யாண வீடியோக்களைக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டிக் கொடுப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு வேலை செய்பவர் வீட்டிலிருந்து நாலைந்து பேர் சித்தியைப் பெண் பார்க்கப் பழத்தட்டோடு வந்தார்கள். அப்பா சித்தியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வரச் சொல்லியிருந்தார். அவர்கள் எதிரிலேயே சித்தி, "எனக்கு இஷ்டமில்லீங்க" என்று சொல்லிவிட்டாள். அன்றோடு பேச்சு நின்றது.

வீடு இரண்டே அறை. இங்கே பேசினால் அங்கே கேட்கும். ஆனாலும் நான் போய்ச் சொன்ன பிறகுதான் கேட்டதாக அர்த்தம். நானும் உள்ளபடியே சொல்லமாட்டேன். "அந்தப் பொட்டி எவ்வளவு கரண்ட் தின்னுது, கேளு" என்று அப்பா சொன்னால், "பொட்டி நல்லா இருக்குதான்னு அப்பா கேக்கறாரு" என்பேன். சித்தி சிரித்துவிடுவாள்.

டிசம்பரில் சித்திக்கு ஒரு அவசர வேலை வந்தது. கல்யாணப் பெண் புதன்கிழமை வெளிநாட்டுக்குக் கிளம்புகிறாள். அதற்குள் சிடி வேண்டும். கம்ப்யூட்டரோ பழையது. சித்தி அதன் வேகத்தைக் கூட்டி வைத்திருந்தாள். விடிகாலை உறைபனியில் ஜன்னலோரம் வைத்து ஓட்டினால் ஓடும். வெயில் ஏறியதும், தாலி கட்டும் இடத்தில் சரியாகப் படம் உறைந்து நின்றுவிடும். மூன்று நாளாக மாப்பிள்ளை தாலியைக் கையில் பிடித்தபடியே இருந்தார்.

ஞாயிறு காலை சித்தி என்னைக் கூப்பிட்டாள். "அப்பாகிட்ட மல்டிமீட்டர் கேட்டு வாங்கிட்டு வா கண்ணு."

"எதுக்காம்?" என்றார் அப்பா, பேப்பரை விலக்காமல்.

"கம்ப்யூட்டர் போர்டுல வோல்டேஜ் கூட்டணும்னு சொல்லு" என்றாள் சித்தி அந்த அறையிலிருந்தே.

அப்பா பேப்பரை மடித்தார். "கூட்டறதா? செஞ்சவன் வெச்சதுக்கு மேலயா? எரிஞ்சு போகும்னு சொல்லு."

நான் போய், "பாத்து செய்யச் சொன்னாரு" என்றேன்.

"லோடு ஏறுனா வோல்டேஜ் எறங்குது, அதனாலதான் நின்னு போகுதுன்னு சொல்லு" என்றாள் சித்தி. எனக்கு ஒன்றும் புரியாததால், இதை மட்டும் ஒரு எழுத்து மாறாமல் கொண்டுபோனேன். அப்பா பீரோ மேலிருந்து மீட்டரை எடுத்துக்கொண்டு தானே வந்து உட்கார்ந்தார். லோடு ஏறினால் வோல்டேஜ் இறங்குவதுதான் அவருடைய அன்றாடக் கவலை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

போர்டில் பிராசசருக்குப் பக்கத்தில் அரிசி நொய்யளவு ஒரு ரெசிஸ்டர் இருந்தது. கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு அதன்மேல் பென்சிலால் லேசாக ஒரு கோடு போட வேண்டும். பென்சில் கரி வழியாகக் கொஞ்சம் மின்சாரம் போகும். போர்டு ஏமாந்து வோல்டேஜைக் கூட்டிக் கொடுக்கும். அதிகமானால் ரப்பரால் அழித்துக்கொள்ளலாம். பென்சிலும் ரப்பரும் என்னுடையவை.

சித்தி கோடு போட்டு ஸ்விட்சைத் தட்டினாள். அப்பா மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்துப் பார்த்தார். "ஒண்ணு அறுபத்தஞ்சு வோல்டுன்னு சொல்லு" என்றார் என்னிடம். பக்கத்திலேயே இருந்த சித்தியிடம் சொன்னேன். "ஒண்ணு எழுபத்தஞ்சு வரைக்கும் போலாம்னு சொல்லு." அப்பாவிடம் சொன்னேன். மறுபடி நிறுத்தி, மறுபடி கோடு. அறுபத்தாறு. அறுபத்தேழு.

அப்பா கண்ணாடி எடுக்கப் போனார். சித்தி வீடியோ கேசட்டைத் தேடப் போனாள். இப்படி மயிர் மயிராகக் கோடு போட்டால் புதன்கிழமைக்குள் எப்படி முடியும் என்று எனக்குத் தோன்றியது. பென்சிலை எடுத்து, ட்ராயிங் நோட்டில் மலைக்கு நிழல் அடிப்பதுபோல அழுத்தி ஒரு கோடு போட்டுவிட்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொண்டேன்.

சித்தி வந்து ஸ்விட்சைத் தட்டினாள். அப்பா முனைகளை வைத்தார்.

"ஒண்ணு தொண்ணூத்திரண்டு! அம்மிணி, ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு!"

சித்தி ஒயரையே பிடுங்கிவிட்டாள். "நான் கோடே போடல மாமா!"

"பின்ன யாரு போட்டா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். கையில் பென்சில் இருந்தது.

அடி விழவில்லை. சித்தி ரப்பரை நுனி நறுக்கி அழிக்க ஆரம்பித்தாள். "மெதுவா, மெதுவா. தொடச்சு எடு" என்றார் அப்பா. "இப்பப் பாருங்க மாமா." "எண்பத்தொண்ணு. இன்னுங் கொஞ்சம்." நான் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. எழுபத்துநாலில் நிறுத்தினார்கள். சித்தி வீடியோவை ஓடவிட்டாள். நல்ல வெயில். லோடு ஏறியது, முள் இல்லாத அந்த மீட்டரில் எழுபத்துநாலு எழுபத்துமூன்றாகி அங்கேயே நின்றது. மாப்பிள்ளை தாலியைக் கட்டி, மூன்றாவது முடிச்சும் போட்டார்.

அப்பா மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "கேக்காம செஞ்சது தப்புதான்" என்றார்.

"இனிமே கேக்காம செய்யமாட்டேன்ப்பா" என்றேன்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். என்னைச் சொல்லவில்லை என்று சொல்ல வந்தவர்போல வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டார். சித்தி போர்டின் மேல் குனிந்து, இல்லாத தூசியை ஊதினாள். "பரவால்லைங்க மாமா, உடுங்க" என்றாள்.

சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றிருந்த அம்மா சட்டென்று உள்ளே போய்விட்டாள். பண்டிகை எதுவும் இல்லாத அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வெல்லப் பூரணம் வைத்து ஒப்புட்டு சுட்டாள். நான் மூன்று தின்றேன். தின்றுகொண்டே யோசித்தேன்: தப்பு செய்தது நான், மன்னிப்புக் கேட்டதும் நான், சித்தி எதற்காக அப்பாவிடம் பரவாயில்லை என்கிறாள்?