செம்பு அண்டாவில் கடல் தண்ணீர்

பிள்ளைக்கென்று நாங்கள் ஒதுக்கி வைத்திருந்த அறையில் என் கணவர் மீன் தொட்டியை வைத்தார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது.

எழுபதுகளின் கடைசியில் எங்களுக்குக் கல்யாணம். எண்பதுகளின் நடுவில்கூட சிங்கப்பூரில் எங்கள் பிடோக் ஃபிளாட்டில் நாங்கள் இருவரும் மாமியாரும் மட்டும்தான். டாக்டர் இருவரையும் பரிசோதித்து, யாரிடமும் குறை இல்லை என்றார். மாமியாருக்கு டாக்டர் சொன்னது காதில் ஏறவில்லை. அவருக்குக் குறை என்னிடம்தான்.

எங்கள் பிளாக்கில் மேல்மாடியில் ஒரு நர்ஸ் இருந்தார். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு நாள் துணி காயப்போடும் இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு சீனப் பொண்ணு, பாவம், ரொம்ப சின்ன வயசு. அடுத்த மாசம் பிரசவம். பிள்ளைய வெச்சுக்க முடியாதாம். நல்ல வீடா பாத்துக் குடுங்கன்னு அழுவுது. நீ எடுத்துக்கிறியா?"

இது எங்கள் ஊரில் புதிதில்லை. தேக்கா சந்தைக்குப் பூ வாங்கப் போனால், சீன முகமும் நெற்றியில் குங்குமமுமாக, நம்மைவிட நல்ல தமிழில் கடைக்காரரிடம் பேரம் பேசுகிற பெண்களைப் பார்க்கலாம். எல்லாரும் அப்படித் தமிழ் வீடுகளுக்கு வந்து வளர்ந்தவர்கள்தான். எனக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம் சொன்னேன்.

"பாப்போம் லா," என்றார். அதை நான் பாதிச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். முட்டாள்.

அந்த வாரக் கடைசியில்தான் தொட்டி வந்தது. சிராங்கூன் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை. கடையை இடித்துப் புதுசாகக் கட்டப்போவதால், வாசலில் ஆள் இழுப்பதற்காக வைத்திருந்த தொட்டியை முதலாளி தள்ளிவிடப் பார்த்தார். புடவை எடுக்க வந்த பிள்ளைகள் மோதிரத்தாலும் சாவியாலும் கீறின கோடுகள் அதன் உடம்பெல்லாம் இருந்தன. மூலைகள் மஞ்சளித்துப் போயிருந்தன. "கண்ணாடி இல்ல, அக்ரிலிக். கீழ விழுந்தாலும் உடையாது," என்று என்னவோ தானே கண்டுபிடித்த மாதிரி சொன்னார் என் கணவர். எங்கள் மாடியில் லிஃப்ட் நிற்காது. சாங்கி விமான நிலையக் கார்கோவில் அவருடன் வேலை பார்த்தவர்கள் அதை மேல்மாடிவரை லிஃப்டில் ஏற்றி, அங்கிருந்து படியில் இறக்கிக் கொண்டுவந்தார்கள். நேராக அந்த அறைக்குள் போனது. ஹாலில் டிவி இருக்கிறதாம், இடமில்லையாம்.

பல் தேய்க்கும் பேஸ்டை மெல்லிய துணியில் தொட்டு, உட்கார்ந்து உட்கார்ந்து கீறல்களை அழித்தார். அவ்வளவு பொறுமையை அவரிடம் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் தலைவலிக்கு ஒரு மாத்திரை எடுத்துத் தரச் சொன்னால், எந்த டப்பா என்று கேட்பார்.

கடல் மீன்தான் வளர்ப்பேன் என்று பிடிவாதம். சாங்கி கடற்கரையில் டிரம்மில் தண்ணீர் மொண்டு, கார்கோ லாரியில் கொண்டுவந்தார். ஒரு சிக்கல்: டிரம்மை அன்று சாயங்காலமே திருப்பிக் கொடுக்க வேண்டும். தண்ணீரோ சில நாள் தெளிய வேண்டும். எதில் ஊற்றி வைப்பது?

"செம்பு அண்டா இருக்குல்ல," என்றார் மாமியார்.

தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்த அண்டா அது. பொங்கலுக்கும், தைப்பூசத்தன்று டேங்க் ரோடு கோயிலில் மோர் கொடுப்பதற்கும்தான் வெளியே வரும். மாமியார் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்தார்.

"உள்ள ஈயப்பூச்சு போயிடுச்சே அத்தை. உப்புத் தண்ணியில களிம்பு ஏறாதா?" என்றேன்.

"நாம குடிக்கவா போறோம்? செம்புல வெச்ச தண்ணியில கிருமி தங்காதுடி. மீனு நல்லா இருக்கும்."

கணவர் அம்மாவுக்குத் தலையாட்டினார். தண்ணீர் தெளிந்தது. தொட்டியை நிரப்பினார்கள். அடியில் பவள மணல், மேலே ஒரு டியூப் லைட், குமிழ் விடுகிற பம்பு. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்கள், சில நீல மீன்கள், கண்ணாடி போன்ற ஓர் இறால், பூப்போல விரிந்து சுருங்கும் ஒரு கடல் பிராணி. அழகாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் ஷிஃப்டுக்குப் போனால் தீனி போடுவது நான். முதலில் அந்தப் பூப்பிராணி சுருங்கியது, பிறகு விரியவே இல்லை. இறால் கவிழ்ந்து கிடந்தது. அழுக்குத் தண்ணீர்தான் காரணம் என்று பாதியை இறைத்துவிட்டு, மறுபடி மொண்டுவந்து அண்டாவில் தெளியவைத்த புதுத் தண்ணீரை ஊற்றினார் கணவர். மீன்கள் மூச்சு வாங்கத் தொடங்கின. ஒவ்வொன்றாக மிதந்தன.

"நீ என்னத்தப் போட்ட?" என்றார் என்னிடம். பதில் சொல்வதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். "அவ கை ராசி அப்படி. அது பட்டா எதுவும் தங்காது."

சமையல் சோடாவும் இல்லை, சோப்பும் இல்லை, ஒரு சிட்டிகைத் தீனிதான் போட்டேன் என்று எத்தனையோ முறை சொன்னேன். யார் கேட்டார்கள்? எனக்கே என் கையைப் பார்க்கப் பயமாகிவிட்டது. அந்த அளவுக்கு ஒருத்தியை ஆக்கிவிட முடியும்.

ஒரு சாயங்காலம், செத்த மீன் ஒன்றையும் ஒரு பாட்டில் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு மீன் வாங்கிய கடைக்குப் போனோம். நானும் வருவேன் என்று அடம்பிடித்துக் கூடவே போனேன். சீனக் கடைக்காரர் தண்ணீரை எதில் வைத்தோம் என்று கேட்டார். என் கணவர் சொன்னதும், "காப்பரா? அப்புறம் எப்படிப் பிழைக்கும்? கடல் பிராணிக்கு அது விஷம்" என்று மலாயில் சொல்லித் தலையில் கை வைத்துக்கொண்டார். மணலில்கூட ஊறியிருக்கும், எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள், இனிமேல் பிளாஸ்டிக் வாளி மட்டும்தான் என்றார்.

பஸ்ஸில் எனக்கு அழுகை அழுகையாக வந்தது, நிம்மதியில். "அம்மாகிட்ட இப்ப சொல்லாத. மனசு கஷ்டப்படுவாங்க," என்றார் அவர். சரி என்றேன். உண்மை அவருக்குத் தெரிந்துவிட்டது, அது போதும் என்று நினைத்தேன்.

மறுநாள் கணவரும் வீட்டில் இருந்த நேரத்தில் நர்ஸ் அக்கா வந்தார். குழந்தை பிறந்துவிட்டதாம், தலை நிறைய முடியாம். "என்ன முடிவு பண்ணீங்க?" என்று கேட்டார்.

"நாலு மீனக் காப்பாத்தத் துப்பில்லாத கையில பச்சப் புள்ளையக் குடுக்கலாமா சிஸ்டர்?" என்றார் மாமியார், சிரித்துக்கொண்டே.

எனக்குப் பொறுக்கவில்லை. "மீன் செத்தது என் கையால இல்ல. அண்டாவால. உங்க மகனையே கேளுங்க," என்றேன்.

மூன்று பேரும் அவரைப் பார்த்தோம். அவர் தரையைப் பார்த்தார்.

"கடக்காரன் ஏதோ சொன்னான்மா. சரியாத் தெரியல," என்றார். பிறகு அக்காவிடம், "இப்ப வேணாம் சிஸ்டர். நீங்க வேற வீடு பாருங்க."

அக்கா என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். குழந்தை வேறொரு வீட்டுக்குப் போனது. எந்த வீடு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த லீவு நாளில் என் கணவர் பவள மணல் முழுவதையும் அள்ளிக் கொட்டினார். தொட்டியைத் திரும்பத் திரும்பக் கழுவினார். சிராங்கூன் ரோட்டுக்குப் போய்ப் பெரிய பிளாஸ்டிக் வாளிகளாகப் பார்த்து வாங்கிவந்தார். மாமியார் அண்டாவை எடுக்கப்போனபோது, "அது வேணாம்மா, கனம்," என்று தடுத்துவிட்டார்.

புது மீன்கள் வந்தன. தீனி போட்டது அதே கைதான். ஒன்றுகூடச் சாகவில்லை.