நான் சொல்லாத பதினெட்டுப் பதில்கள்

என்னைப் பற்றி ஒருவர் நான்கு பக்கம் எழுத முடியும் என்று நான் நினைத்ததே இல்லை. பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகள் அந்த நான்கு பக்கத்தையும் தொலைபேசிக்கு அனுப்பிவிட்டு, உடனே கூப்பிட்டாள்.

“பா, சனிக்கிழமைக்குள்ள இத மனப்பாடம் பண்ணிடுங்க. லெக்சரர் உங்ககிட்ட வீடியோவுல பேசணுமாம்.”

தோட்டத்திலோ பண்ணையிலோ வேலை செய்யும் ஒருவரைப் பதினெட்டுக் கேள்வி கேட்டு, பதில்களை எழுதிக் கொடுக்க வேண்டும். அதுதான் அவளுக்குக் கொடுத்த பாடவேலை. கேள்விகள் அவளுடையவை, பதில்கள் ஏஐயுடையவை, ஆள் மட்டும் நான். லெக்சரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. குட்டு வெளிப்பட்டால் அந்தப் பாடத்தில் பெயில், பெயிலானால் படிப்புக்கான உபகாரச் சம்பளம் நின்றுவிடும். இதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது.

நான் அவளைத் திட்டியிருக்க வேண்டும். ஆனால் போன மாதம் அவள் முறையாக என்னிடம்தான் முதலில் கேட்டாள்.

“வேலை எப்படிப்பா இருக்கு?”

“எப்பவும் போலதான்.”

“என்ன கஷ்டம்?”

“கஷ்டமா? என்ன கஷ்டம்?”

“சந்தோஷம்?”

“ம்.”

மூன்று கேள்வியோடு அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள். சின்ன வயதிலிருந்தே எனக்குப் பேச்சு வராது. வாயில்லாத அப்பனை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை வேறென்ன செய்யும்? வாயுள்ள அப்பன் ஒருவனைச் செய்துகொண்டாள்.

அந்த ஆள் என்னமாய்ப் பேசுகிறான்! “பனித்துளிகள் முத்துகளாய் மின்னும் அதிகாலையில், என் விரல்நுனிகள் கொழுந்துகளோடு உரையாடுகின்றன” என்கிறான். முதுகில் கூடையின் கனமாம், நெஞ்சில் கனவுகளின் கனமாம். களைப்பு தெரியாமலிருக்க மலையில் பாட்டு வேறு பாடுகிறானாம்.

நான் மிஷின்காரன். தேயிலைச் செடி நிரையின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ஒரு நேப்பாளி. இருவரும் மிஷினைப் பிடித்துக்கொண்டு நடப்போம். கத்தி கொழுந்தை வெட்டும், காற்று அதைப் பின்னாலுள்ள சாக்குக்குள் தள்ளும். விரல்நுனி ஏதாவது உரையாடப் போனால் விரல் இருக்காது. கூடை எங்கள் தோட்டத்திலும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. மேலே தேத்தண்ணிக் கடையில் வரிசையாக மாட்டியிருக்கிறார்கள். சுற்றுலா வருகிறவர்கள் முதுகில் மாட்டிப் படம் எடுத்துக்கொள்வார்கள். ஏஐயும் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் என்னைத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

நான்கு நாள் மனப்பாடம் நடந்தது. மனைவி கேள்வி கேட்பாள், நான் ஒப்பிப்பேன். பதினோராவது பதில் வந்தபோது அவள் தொலைபேசியைக் கீழே வைத்தாள்.

“இத இன்னொரு தடவ சொல்லுங்க.”

“‘என் மனைவி என் களைப்பின் நிழல்மரம்.’”

“கல்யாணமாகி இருபத்தேழு வருசத்துல எனக்கு இப்பிடி ஒரு வார்த்த சொல்லியிருப்பீங்களா? மிஷினு சொல்லுது பாருங்க.”

எந்த மிஷினைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

எங்கள் லயத்து வீடுகளில் சிக்னல் நிற்காது. சனிக்கிழமை நானும் மனைவியும் மோட்டார் சைக்கிளில் கியா பார்ம் சந்தைக்குப் போய், ஒரு காய்கறிக் கடைக்குப் பின்னால் முட்டைக்கோசு மூட்டைகளுக்கு நடுவே நின்றோம். விடுமுறைக் கூட்டம். சாலையில் ஓயாமல் ஹாரன் சத்தம். திரையில் லெக்சரர் அம்மாள் வந்தார். தமிழர்தான், என் வயதிருக்கும்.

“வணக்கம் ஐயா. உங்க காலை நேரத்தப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க.”

“பனித்துளிகள் முத்துகளாய்…” என்று தொடங்கினேன். அடுத்த சொல் மறந்துபோயிற்று. மனைவி பக்கத்திலிருந்து, “மின்னும், மின்னும்” என்று எடுத்துக் கொடுத்தாள்.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “இந்த வாரம் நாலாவது அப்பா நீங்க. ஒருத்தர் ரப்பர், ஒருத்தர் எண்ணெய்ச் செம்பனை, ஒருத்தர் கோழிப்பண்ணை. எல்லாருக்கும் பனித்துளி முத்துதான், எல்லாருக்கும் விரல்நுனி பேசுது. கோழிப்பண்ணைக்காரர் விரல் யாருகிட்ட பேசுதுன்னு நான் கேக்கல. அது போகட்டும், நீங்க மலையில பாடுற பாட்ட ரெண்டு வரி பாடுங்க ஐயா.”

எனக்கு வியர்த்துவிட்டது, அந்தக் குளிரிலும். திருமண வீட்டில் வாழ்த்துப் பாடும்போதுகூட நான் வாயை மட்டும் அசைக்கிற ஆள்.

“பாடமாட்டேன் டீச்சர். கூடையும் இல்ல. நான் மிஷின் பிடிக்கிறேன். எம்மவ கேட்டா, நான்தான் பதில் சொல்லல. பெயிலு போட்டுறாதீங்க.”

நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது எனக்கே ஆச்சரியம். அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு, “உங்க மகளையும் இப்பவே இந்த வீடியோவுல சேக்குறேன். அவ கேக்கட்டும், நீங்க சொல்லுங்க. பதினெட்டும் முடிஞ்சாதான் மார்க்கு. நான் வாயத் தொறக்கமாட்டேன்” என்றார்.

மகளின் முகம் திரையில் வந்தது. மூக்கு சிவந்திருந்தது. ஒன்றாம் கேள்வியிலிருந்து ஆரம்பித்தாள்.

“வேலையில ரொம்ப கஷ்டம் எதுப்பா?”

“மழ. கால் வழுக்கும். நான் விழுந்தா நேப்பாளியும் சேந்து விழுவான்.”

“சந்தோஷமான நேரம்?”

“மிஷின் ஓடுறப்ப.”

“ஏம்பா?” அது பட்டியலில் இல்லாத கேள்வி.

“அந்தச் சத்தத்துல யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்கள்ல.”

பேசமாட்டேன் என்ற லெக்சரர் சிரித்துவிட்டார். கோசு மூட்டை ஏற்ற வந்தவனும் நின்று கேட்டான். பதினோராவது கேள்வி என் மனைவியைப் பற்றியது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்லவதான்” என்றேன்.

“அவ்ளோதானா லா?” என்றாள் மனைவி. லெக்சரருக்கும் அது கேட்டது.

இரண்டு வாரத்தில் மார்க்கு வந்தது. ‘சி’ கிரேடு. பாஸ், உபகாரச் சம்பளத்துக்கு ஆபத்தில்லை. கீழே லெக்சரர் ஒரு வரி எழுதியிருந்தாராம்: “பதில்கள் உண்மை, விவரம் போதாது.” என் ஐம்பத்திரண்டு வருட வாழ்க்கைக்கு விழுந்த மார்க்கு அது. பிடிபடாமல் இருந்திருந்தால் பனித்துளிக்காரனுக்கு ‘ஏ’ கிடைத்திருக்கும்.

அவனுடைய நான்கு பக்கத்தையும் மனைவி பிரிஞ்சாங் டவுனில் ஒரு கடையில் அச்செடுத்து வந்து, பிறப்புப் பத்திரங்கள் வைத்திருக்கும் பிஸ்கட் டின்னில் போட்டிருக்கிறாள். சாயங்காலம் தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டு நிற்பாள்.

“அவரா இருந்தா இந்நேரம் இந்தத் தேத்தண்ணியப் பத்தி ரெண்டு வார்த்த சொல்லியிருப்பாரு.”

“சீனி கம்மி” என்பேன்.